ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் - பதிமூன்று வருஷம் கழித்து ஒரு முதல் பார்வை

தர்மபுரிக்கு எல்லாமே செகண்ட் ரிலீஸ்தான். சேலத்தில் ஓடி முடித்த படம் அந்தக் காலத்தில் இங்கே வரும், இங்கே ஓடி முடித்தது பென்னாகரத்துக்கும் அரூருக்கும் போகும். அதனால் 2020-ல் வெளிவந்த ஒரு கேமுக்கு இப்போது "முதல் பார்வை" எழுதினால் யாரும் சிரிக்க வேண்டாம். கேம் வெளியாவது ஒரு தேதி. அது ஊருக்கு வந்து சேர்வது வேறொரு தேதி. ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பாதிக் கதை.

முதலில் பழைய கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதைச் சுருக்கம். (தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக் குதிக்கலாம்.)

1998 நவம்பரில் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் ஹாஃப்-லைஃப் என்றொரு கேமை வெளியிட்டது. கார்டன் ஃப்ரீமேன் என்ற இயற்பியல் விஞ்ஞானி. சோடாபுட்டிக் கண்ணாடி, சின்னத் தாடி, கையில் கடப்பாரை. ஆமாம், கடப்பாரை! கிணறு தோண்டுகிற ஊர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான ஹீரோ கிடைக்க மாட்டான். ஆய்வுக்கூடத்தில் ஒரு பரிசோதனை எக்குத்தப்பாகி வேற்றுலக ஜந்துக்கள் உள்ளே வந்துவிட, ஆள் வெளியே தப்பி வருவதுதான் கதை. 2004 நவம்பர் 16-ல் இரண்டாம் பாகம். அதற்குள் பூமியை காம்பைன் என்ற அந்நியப் படை பிடித்துவிட்டது. மிச்சமிருக்கும் மனிதர்கள் சிட்டி 17 என்ற ஊரில் நீலச்சட்டை போட்டுக்கொண்டு ரேஷனுக்கு வரிசையில் நிற்கிறார்கள். சுவரெல்லாம் டிவி, டிவியில் எப்போதும் டாக்டர் பிரீன் என்பவரின் உபதேசம். குழந்தை பெற்றுக்கொள்ளக்கூட முடியாதபடி ஊர் முழுக்க ஒரு தடைக்கதிர்.

இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கத்தான் வேண்டும். 80களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வும் நிலாவுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி கிடைப்பதில்தான் ஆரம்பிக்கும். அங்கே ஜீவா, இங்கே பிரீன். அங்கே ஜீனோ என்ற இயந்திர நாய், இங்கே டாக் என்று பெயரே வைத்துவிட்ட இயந்திரப் பிராணி. யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை. வால்வ்காரர்கள் விகடன் படித்திருக்க வாய்ப்பில்லை :-). ஆட்சி நடத்துபவன் நேரில் வராமல் திரையில் மட்டும் வருகிற ஊர் எப்படி இருக்கும் என்று யோசித்தால் இரண்டு பேருமே ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. சுஜாதா 'மீண்டும் ஜீனோ'வைச் சீக்கிரமே எழுதிக் கொடுத்துவிட்டார். வாசகர்களைப் பதிமூன்று வருஷம் காக்க வைக்கவில்லை.

வால்வ் வைத்தது. இரண்டாம் பாகத்துக்குப் பிறகு பெரிய மூன்றாம் பாகம் வேண்டாம், துண்டு துண்டாக வெளியிடுவோம் என்றார்கள். 2006-ல் எபிசோட் ஒன்று, 2007 அக்டோபரில் எபிசோட் இரண்டு. இரண்டாவது எபிசோடின் கடைசியில் கதாநாயகி அலிக்ஸ் வான்ஸின் அப்பா ஈலை கண்ணெதிரே கொல்லப்படுகிறார். அலிக்ஸ் அழுதுகொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிடும். அவ்வளவுதான். அதற்கப்புறம் எபிசோட் மூன்று வரவே இல்லை. ஒரு மரணத்துக்கு நடுவில் கதையை நிறுத்திவிட்டு எழுத்தாளர் எழுந்து போய்விட்டால் எப்படி இருக்கும்? நிஜமாகவே போய்விட்டார். தொடரின் கதாசிரியர் மார்க் லெய்ட்லா 2016-ல் வால்வை விட்டு விலகினார். மறு வருஷம் ஆகஸ்டில், பெயர்களையெல்லாம் மாற்றி, மூன்றாவது எபிசோடின் கதை மாதிரி ஒன்றை ஒரு கடிதமாகத் தன் தளத்தில் போட்டார். அதைப் படித்தவர்கள் கருமாதிச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி ஆனார்கள். அதே 2017 அக்டோபரில் ஈலைக்குக் குரல் கொடுத்த ராபர்ட் கியோம் காலமானார்.

இந்தக் காத்திருப்பில் தர்மபுரிக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். உண்டு. 2000களில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருந்த பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு 15, 20 ரூபாய் கொடுத்துப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து "ஃபயர் இன் த ஹோல்" என்று கத்திக்கொண்டிருந்தார்களே, அந்த கவுன்டர்-ஸ்டிரைக் ஹாஃப்-லைஃபின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். ரசிகர்கள் இரண்டு பேர் ஹாஃப்-லைஃபை வைத்துச் செய்த மாற்றம் அது. அந்தக் கம்ப்யூட்டரில் கவுன்டர்-ஸ்டிரைக் ஐகானுக்குப் பக்கத்தில் அனாதையாக ஹாஃப்-லைஃப் ஐகானும் கிடக்கும். பக்கத்து சீட் காலியாக இல்லாத அன்றைக்கு, தனியாக உட்கார வேண்டி வந்தவர்கள் அதைச் சொடுக்கினார்கள். அப்படித்தான் இந்த ஊருக்குக் கார்டன் ஃப்ரீமேன் வந்தார். விலை கொடுத்து வாங்கிய டிஸ்க் என்று யாரும் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் வந்தார்.

வந்தது எப்படி முடிந்தது என்றால், கேம் சின்னதாக இருந்ததால். முதல் ஹாஃப்-லைஃப் கேட்டது 133 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 24 எம்பி நினைவகமும். இரண்டாம் பாகம் கேட்டது 1.2 கிகாஹெர்ட்ஸும் 256 எம்பியும். 2004-ல் அது கொஞ்சம் கனம்தான், ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் ஓரளவு சுமாரான கணினியும் அதைத் தாங்கியது. அலிக்ஸ் கேட்பது குறைந்தபட்சம் இன்டெல் ஐ5-7500, 12 ஜிபி நினைவகம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. சரி, அதையாவது எப்படியோ தேற்றிவிடலாம் என்று வையுங்கள். அதற்கு மேல் தலையில் மாட்டிக்கொள்ள ஒரு வி.ஆர். ஹெட்செட் வேண்டும். அது இல்லாமல் கேம் கிடையாது. மவுஸ், கீபோர்டு, சாதா மானிட்டர், எதுவும் செல்லாது.

இங்கேதான் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

2019 நவம்பரில் அறிவிப்பு வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். பதிமூன்றாவது வருஷத்தில் பந்தி போட்டாகிவிட்டது என்று இலை முன்னால் உட்கார்ந்தவனிடம் "சாப்பிட ஒரு வெள்ளித்தட்டு கொண்டு வந்தாயா?" என்று கேட்ட கதை. வால்வ் அப்போது விற்றுக்கொண்டிருந்த இன்டெக்ஸ் ஹெட்செட், முழு செட்டாக 999 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட எழுபத்தைந்தாயிரம் ரூபாய். பாலக்கோடு பக்கம் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். மாடு பாலும் கறக்கும்.

2020 மார்ச் 22 ஞாயிறு, ஊரெல்லாம் கைதட்டிய சுய ஊரடங்கு. மறுநாள் திங்கள், 23-ஆம் தேதி, அலிக்ஸ் வெளியானது. 24-ஆம் தேதி பிளஸ் டூ கடைசிப் பரீட்சை, அன்று மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை, நள்ளிரவில் நாடு தழுவிய முழு ஊரடங்கு. அலிக்ஸின் இரண்டாவது அத்தியாயத்தின் பெயர் என்ன தெரியுமா? 'குவாரன்டைன் ஸோன்'. திட்டம் போட்டாலும் இப்படி வராது. உலகமே வீட்டுக்குள் அடைபட்ட வாரத்தில், நோய்த்தடுப்பு வளையம் போட்டு மூடிய ஒரு நகரத்துக்குள் நடக்கச் சொல்லும் கேம்.

சரி, கேமுக்கு வருவோம். இதில் கார்டன் கிடையாது. ஹாஃப்-லைஃப் 2-க்கு ஐந்து வருஷம் முன்னால் நடக்கும் கதை. விளையாடுபவர் பத்தொன்பது வயசு அலிக்ஸ். காம்பைன் படை அப்பா ஈலையைப் பிடித்து ரயிலில் ஏற்றி அனுப்புகிறது, மகள் தேடிப் போகிறாள். போன பத்தியில் சொன்னபடி அப்பா சாவதைப் பார்த்துப் பதிமூன்று வருஷம் உறைந்து நின்ற ரசிகனிடம், அந்த அப்பா உயிரோடு இருந்த காலத்துக்குக் கூட்டிப்போய் "இந்தா, காப்பாற்று" என்கிறார்கள். மூன்றாம் பாகம் எடுக்கத் தைரியம் இல்லாதவர்கள் செய்த குறுக்குவழி என்று சொல்லலாம். வால்வ்காரர்களே மூன்றாம் பாகம் என்ற எண்ணமே மலைப்பாக இருந்தது, அதனால்தான் இதைத் தொட்டோம் என்கிற மாதிரிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் குறுக்குவழி எங்கே கொண்டு விடுகிறது என்பதைக் கடைசி வரை போனவர்களுக்குத் தெரியும். அதை இங்கே போட்டு உடைப்பதாக இல்லை. எபிசோட் இரண்டின் கடைசிக் காட்சியை நினைவில் வைத்துக்கொண்டு விளையாடுங்கள், அவ்வளவுதான்.

ஆரம்பம் ஒரு மொட்டை மாடி பால்கனியில். கீழே சிட்டி 17. தூரத்தில் சிட்டடெல் என்ற ராட்சசக் கோபுரம் பாதி கட்டிய நிலையில், அதிலிருந்து தடிதடியான கேபிள்கள் ஊர் மேலெல்லாம் ஓடுகின்றன. கைப்பிடிச் சுவரில் புறாக்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று நீளக் கால்கள் கொண்ட ஸ்டிரைடர் ஒன்று எதிர்க் கட்டடத்தின் மேல் ஏறி இறங்கிப் போகும். யாரும் சுடச் சொல்லவில்லை, ஓடச் சொல்லவில்லை. சும்மா நிற்கலாம். பழைய கேமில் இதே ஸ்டிரைடர் மானிட்டரில் ஒரு சாண் உயரம். இங்கே தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் வயிறு தெரிகிறது. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் காற்றாலை இறக்கையை ஏற்றிப்போகும் டிரெய்லர் பக்கத்தில் பைக்கில் போகும்போது வயிற்றில் ஒரு சில்லென்ற உணர்ச்சி வருமே, அது.

அப்புறம் உள்ளே ஒரு அறை. அங்கே கண்ணாடித் தடுப்பும் மார்க்கர் பேனாக்களும் இருக்கின்றன. பேனாவை எடுத்து எழுதினால் எழுதுகிறது, டஸ்டரால் துடைத்தால் அழிகிறது. கதைக்குத் துளியும் தேவையில்லாத இந்த மூலையில் மக்கள் அரை மணி நேரம் நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் சான் டியாகோவில் ஒரு கணக்கு வாத்தியார், பள்ளிக்கூடம் மூடியிருந்த அந்த 2020-ல், இந்தக் கண்ணாடியிலேயே கோணங்கள் பற்றி ஒரு முழு வகுப்பு எடுத்து வீடியோவாகப் போட்டார். அதே வாரங்களில் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சிக்கும், சிக்னல் கிடைக்கிற மேடு தேடி ஏறிய வாட்ஸ்அப் வகுப்புக்கும் காத்திருந்தார்கள். இரண்டும் ஒரே பூமியில் நடந்தவை.

இந்த கேமின் ஹீரோ அலிக்ஸ் இல்லை. கைகள். ரஸ்ஸல் என்ற தொணதொணப்பு நண்பர் கொடுக்கும் கிராவிட்டி கையுறைகள்தான் மொத்த விளையாட்டும். பத்தடி தள்ளி ஒரு துப்பாக்கி ரவைப் பெட்டி கிடக்கிறது. அதை நோக்கிக் கையை நீட்டிப் பிடித்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் அது பறந்து வருகிறது. வருவதைக் கையால் பிடிக்க வேண்டும், தவறினால் மூஞ்சிக்குப் பக்கத்தில் பறந்துபோய்ப் பின்னால் விழும். கில்லி விளையாடி வளர்ந்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் கை பழகிவிடும். பிறகு எதைப் பார்த்தாலும் சுண்டத் தோன்றும்.

துப்பாக்கி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இத்தனை வருஷமும் எல்லா கேமிலும் ரவை தீர்ந்தால் ஆர் பட்டனைத் தட்டினால் போதும், திரையில் இருக்கிறவன் பார்த்துக்கொள்வான். இங்கே ஒரு பட்டனைத் தட்டிக் காலி மேகசினைக் கீழே விழவிட வேண்டும், தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முதுகுப் பையிலிருந்து புதுசை எடுக்க வேண்டும், செருக வேண்டும், ஸ்லைடைப் பிடித்து இழுக்க வேண்டும். பொறுமையாக இருக்கும்போது இது ஸ்டைல். எதிரே ஒரு ஜோம்பி தள்ளாடி வரும்போது மேகசின் கையிலிருந்து நழுவித் தரையில் விழும். குனிந்து தேடுவீர்கள். பழைய கேமில் அவன் மிக மெதுவாக வருகிறான் என்று கிண்டல் செய்தவர்கள், இங்கே அவன் ஏன் இவ்வளவு வேகமாக வருகிறான் என்று திட்டுவார்கள். அவன் வேகம் மாறவில்லை, நம்ம கைதான் நடுங்குகிறது.

சீக்கிரமே ஒரு இருட்டுப் பகுதி வருகிறது. அலிக்ஸுக்கு டார்ச் கிடைக்கிறது. அது துப்பாக்கி பிடிக்காத மற்ற கையில் இருக்கும். இதில் உள்ள குறும்பைக் கவனியுங்கள்: ரவை மாற்ற அந்தக் கையைத்தானே தோளுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும்? போகும்போது வெளிச்சமும் பின்னால் போய்விடும். எதிரே எது வருகிறது என்று தெரியாத இரண்டு வினாடி இருட்டு, ஒவ்வொரு தடவையும். எதிரியை அதிகமாக்காமல், சத்தத்தைக் கூட்டாமல், ஒரு டார்ச்சை எந்தக் கையில் கட்டுவது என்ற ஒரே முடிவில் இவ்வளவு பயத்தைக் காட்டியிருக்கிறார்கள். 2012-ல் மணிக்கணக்காகக் கரன்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில், வாயில் செல்போன் டார்ச்சைக் கவ்விக்கொண்டு மோட்டார் ரூமில் ஃபியூஸ் போட்டவர்களுக்கு இந்தப் பயம் புதுசில்லை.

குறையே இல்லையா? இருக்கிறது. எதிரிகள் குறைவு, இரண்டு மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வருவது அபூர்வம். ஆயுதம் மொத்தமே மூன்றுதான். கடப்பாரை கிடையாது! (கையில் நீளமான கம்பி இருந்தால் அது கதவிலும் சுவரிலும் சிக்கும், மக்கள் குழம்பிவிடுகிறார்கள் என்பது செய்தவர்களின் சமாதானம். நியாயம்தான், ஆனாலும் மனசு ஆறவில்லை.) பாதை ஒரே சந்து மாதிரி நேராகப் போகிறது, ஹாஃப்-லைஃப் 2-ல் கடற்கரையோரம் வண்டி ஓட்டிக்கொண்டு போன அந்த விசாலம் இல்லை. கார்டன் வாயே திறக்க மாட்டார், அலிக்ஸோ ரஸ்ஸலோடு ஓயாமல் பேசுகிறாள். அந்த அரட்டை பல இடங்களில் நன்றாகவே இருந்தாலும், தனிமையில் விட்டிருந்தால் இன்னும் பயமாக இருந்திருக்கும். வசன எழுத்தில் தமிழ் இல்லை என்பதையும் சொல்லிவிடலாம், எதிர்பார்த்தவர் யாரும் இல்லை என்றாலும்.

தலைசுற்றல் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆளைப் பொறுத்தது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் வளைவுகளில் எலுமிச்சம்பழம் முகராமல் பஸ்ஸில் உட்காரக்கூடியவர்கள் தாராளமாக வழவழ நடையில் விளையாடலாம். மற்றவர்களுக்கு, நினைத்த இடத்தைக் காட்டிச் சட்டென்று அங்கே தாவும் வழி இருக்கிறது. முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

இனிமேல்தான் சண்டை.

"யூடியூபில் முழுசாகப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் பெரிசாக இல்லை" என்று ஒரு கட்சி இருக்கிறது. கல்லூரி கேன்டீனில் இந்தக் கட்சிக்குத்தான் மெஜாரிட்டி. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேறு வழி இல்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வது வேறு விஷயம். சாதா கேமை வீடியோவில் பார்த்தால் முக்கால்வாசி புரிந்துவிடும், ஏனென்றால் விளையாடுபவரும் அதே தட்டைத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். இங்கே அப்படி இல்லை. மேலே சொன்ன டார்ச் விஷயத்தை வீடியோவில் பாருங்கள்: வெளிச்சம் இரண்டு வினாடி ஆடுகிறது, அவ்வளவுதான் தெரியும். ஹெட்செட் இல்லாமல் மவுஸை வைத்து விளையாடும்படி ரசிகர்கள் ஒரு மாற்றுவழியும் செய்திருக்கிறார்கள். உழைப்புக்கு வணக்கம். ஆனால் கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, எதிரிகள் குறைவான, சந்து பாதை கொண்ட, ஒரு நடுத்தரச் சுடும் விளையாட்டு. ஒகேனக்கல் அருவியின் போட்டோவை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எண்ணெய்க் குளியல் போட்டதாகச் சொல்வது போல.

எதிர்க்கட்சியும் உண்டு. "இது வால்வ் செய்த துரோகம். காத்திருந்தவன் ஒருவன், விருந்து வேறொருவனுக்கு." இந்தக் கோபத்தில் நியாயம் அதிகம். எந்திரன் 2010-ல் வந்தது. அதன் தொடர்ச்சி 2.0 தள்ளித் தள்ளிப்போய் 2018 நவம்பர் 29-ல்தான் வந்தது. 3டியிலேயே படமாக்கிய படம், 3டியில் பார்த்தால்தான் அந்த செல்போன்கள் பறப்பதற்கு மரியாதை. ஆனாலும் 3டி வசதி இல்லாத தியேட்டர்களுக்கு 2டி பிரதியும் அனுப்பினார்கள். கண்ணாடி இல்லாதவனை வாசலில் நிறுத்தவில்லை. வால்வ் நிறுத்தியது. ஹாஃப்-லைஃபை உலகம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது ஓட்டைக் கணினிகளில் விளையாடிய கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்குத்தான் இந்தக் கதவு மூடியது.

ஆனால் "சாதா கேமாகவும் செய்திருக்க வேண்டும்" என்ற கோரிக்கை சரிதானா என்றால், இல்லை. 2.0 இரண்டு விதத்திலும் ஓடியது, ஏனென்றால் அதன் கதை 3டியில் இல்லை. அலிக்ஸின் கதை கையில் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாகச் செய்திருந்தால் இரண்டும் கெட்டானாகத்தான் வந்திருக்கும். கேம் இப்படித்தான் இருக்க வேண்டும். கோபம் அதன் மேல் இல்லாமல் வேறு பக்கம் திரும்ப வேண்டும்: இந்தச் சாமானை ஆளுக்கு ஒன்று வாங்கினால்தான் உண்டு என்று யார் முடிவு செய்தார்கள்?

டிவி அப்படி வரவில்லையே. ஊராட்சிக்கு ஒரு டிவி ரூம் இருந்தது, ஊரே தரையில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்த்தது. கணினியும் அப்படி வரவில்லை. பிரவுசிங் சென்டர் என்ற ஒன்று இருந்ததால்தான், வீட்டில் கணினி இல்லாதவனும் மணிக்கு இருபது ரூபாயில் கார்டன் ஃப்ரீமேன் ஆனான். 2011-ல் அரசு இலவச மடிக்கணினி வந்து, பின்னால் கைக்குக் கை செல்போனும் வந்து, அந்த சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் இ-சேவைக் கடைகளாகவும் மாறிவிட்டன. நல்லதுதான். ஆனால் யாராலும் தனியாக வாங்க முடியாத ஒரு பொருளைப் பத்துப் பேர் சேர்ந்து தொடும் இடமும் அதோடு போய்விட்டது. இங்கிருந்து வி.ஆர். பார்க்கப் போகிறவர்கள் பெங்களூரு மால்களுக்குப் போகிறார்கள். அங்கே காசு வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் ஒரு மொக்கை ரோலர் கோஸ்டர் வீடியோவை மாட்டிவிட்டு நாற்காலியை ஆட்டுகிறார்கள். வி.ஆர். என்றால் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு மக்கள் ஊர் திரும்புகிறார்கள். முதல் பார்வையிலேயே செத்துப்போன தொழில்நுட்பம்.

வேலைக்காக, படிப்புக்காக என்று சொல்லி ஹெட்செட் வாங்கும் கல்லூரிகள் இப்போது உண்டு. வாங்கிய பல இடங்களில் அது கண்ணாடி பீரோவில், ஆய்வு வரும் அன்றைக்கு மட்டும் வெளியே எடுக்கும் வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி இருக்கும் என்பதை யூகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. இயந்திரவியலோ கணினியோ படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும், ஒரு பொருளைக் கையால் எடுப்பது என்பதை மென்பொருளில் எப்படி யோசிக்க வேண்டும் என்று காட்ட, இதைவிட நல்ல ஆய்வகப் பாடம் கிடைக்காது. ஒரு கதவுக் கைப்பிடி, ஒரு மேகசின், ஒரு பேனா, மூன்றையும் விரல் எப்படிப் பிடிக்கிறது என்று மூன்று விதமாகச் செய்திருக்கிறார்கள். கேம் என்று சொன்னால் பிரின்சிபால் அனுமதி தர மாட்டார். "மனித-கணினி ஊடாட்டம்" என்று எழுதிக் கொடுங்கள் :-)

ஒருவர்தானே மாட்ட முடியும், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு: பிரவுசிங் சென்டரில் மட்டும் என்ன நடந்தது? ஒருவன் உட்கார்ந்தான், நாலு பேர் பின்னால் நின்று "லெஃப்ட்டுடா, லெஃப்ட்டுடா" என்றார்கள். ஹெட்செட்டில் தெரிவது பக்கத்து மானிட்டரிலும் தெரியும். ஏழாவது அத்தியாயத்தின் பெயர் 'ஜெஃப்'. ஒரு பழைய சாராய ஆலை. உள்ளே ஜெஃப் என்று ஒருவன், ஒரு காலத்தில் மனிதனாக இருந்தவன், சுட்டாலும் சாக மாட்டான். கண் தெரியாது, காது மட்டும் கூர்மை. ஆலை முழுக்கக் கண்ணாடி பாட்டில்கள், கதவைத் திறந்தால் ஒன்று உருண்டு விழும், விழுவதற்குள் எட்டிப் பிடிக்க வேண்டும். அவன் பக்கத்தில் வந்தால் அவனைச் சுற்றியுள்ள தூசியால் அலிக்ஸுக்கு இருமல் வரும். இருமாமல் இருக்க விளையாடுபவர் தன் நிஜக் கையைத் தூக்கித் தன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். வேறு பட்டன் கிடையாது. ஒருவர் பொத்திக்கொள்ளும்போது, மானிட்டரைப் பார்த்துக்கொண்டு சுற்றி நிற்கிறவர்களும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். 2020-ல் முகக்கவசத்தோடு பழகிய தலைமுறைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாய்ப்புக் கிடைக்கிறவர்களுக்குக் கடைசியாகச் சில குறிப்புகள். நின்று நடந்து விளையாட இரண்டு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் காலி இடம் வேண்டும். ஹாஸ்டல் அறையில் இரண்டு இரும்புக் கட்டிலையும் டிரங்குப் பெட்டிகளையும் வெளியே போட்டால் தேறும், உட்கார்ந்தும் விளையாடலாம். முதல் ஆள் யார் என்று சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டை வரும். மார்க்கர் பேனா கையில் கிடைத்ததும் வாத்தியார் படம் வரைய வேண்டாம், மானிட்டரில் எல்லோருக்கும் தெரியும். முக்கியமாக, மேல் அலமாரியிலிருந்து சாமான் எடுக்க அலிக்ஸ் அடிக்கடி கையைத் தூக்குவாள். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஆரம்பிப்பதற்கு முன் சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.